ஃபாஃப்ஸா (அமெரிக்க அரசோட காலேஜ் உதவிப்பண ஃபார்ம்) ஃபில் பண்ணித் தர்றேன்னு சொல்லி 650 டாலர் புடுங்கிட்டாங்க, உஷார்

அமெரிக்கால காலேஜ் படிக்கிற நம்ம பசங்க இத தயவுசெஞ்சு படிங்க. என்னென்ன பாத்துக்கணும்னு கடைசில விவரமா எழுதுறேன், மொதல்ல நடந்தத கொட்டிடுறேன், இன்னும் ஆத்திரம் அடங்கல.

நான் கிரீன் கார்டு. அப்பாம்மா 3 வருஷம் முன்னாடியே மதுரைக்குத் திரும்பிட்டாங்க, நான் நியூ ஜெர்ஸில சித்தி வீட்டு பேஸ்மென்ட்ல வாடகை குடுத்து இருக்கேன், கடைல வேலை பாத்து நானே ஃபீஸ் கட்டுறேன், அப்ப நான் இன்டிபென்டன்ட் ஸ்டூடன்ட்தானே, அதாவது ஃபார்ம்ல அப்பாம்மா வருமானத்தக் காட்ட வேணாமேன்னு நெனச்சுட்டேன். இந்தியன் கிரோசரிக்கு மாடில டாக்ஸ், இமிக்ரேஷன், காலேஜ் எய்ட் (படிப்புக்கான உதவிப்பணம்) எல்லாத்தையும் ஒரே ரூம்ல பாக்குற ஒரு ஆபீஸ், அங்க போனேன். "மதுரைல எங்க? அட வில்லாபுரமா, நம்ம பக்கம்ல!"ன்னு அந்த ஆபீஸ்காரரு டீ வரவழைச்சாரு, அங்கயே கவுந்தேன். "இன்டிபென்டன்ட்னு போட்டு பெல் கிராண்ட், அதான் திருப்பிக் கட்ட வேணாத அரசு உதவிப்பணம், 7,395 டாலரும் முழுசா வாங்கிருவோம் தம்பி, என் ஃபீஸ் 650 தான்"னாரு. உக்காந்த எடத்துலயே 650 டாலர் ஃபோன்ல அனுப்புனேன். ஃபாஃப்ஸா லாகின் பாஸ்வேர்ட் கேட்டாரு குடுத்தேன், ஓடிபி வந்துச்சு, அதையும் நானே வாசிச்சேன், அறிவுகெட்டவன்.

ஆறு வாரம் கழிச்சு காலேஜ்லேருந்து மெயில், அப்பா அம்மா ரெண்டு பேரோட டெத் சர்டிஃபிகேட்டும் அனுப்பணுமாம். லாகின் பண்ணிப் பாத்தா, 13 வயசுக்கப்புறம் பெத்தவங்கள இழந்த அநாதைன்னு டிக் அடிச்சு வச்சிருக்காங்க. அன்னைக்கு நைட்டு அப்பா வாட்ஸ்அப்ல "சாப்ட்டியாடா"ங்குறாரு, எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

அந்த ஆபீஸ்க்கு ஃபோன் பண்ணா சார் மீட்டிங்ல இருக்காரு. மறுநாள் சார் ஊர்ல இல்ல. நேர்ல போனா "நீதானப்பா இன்டிபென்டன்ட் வேணும்ன, உன் லாகின்ல போனது, எனக்கென்ன தெரியும்"ங்குறாரு, டீ குடுத்த அதே வாய். இப்ப மெசேஜ் போட்டா ப்ளூ டிக் மட்டும் விழுது. பேங்க்ல கேட்டா நீங்களே அனுப்புனதுன்னு கைய விரிச்சுட்டாங்க. 650 டாலர்ங்க, கடைல நின்னு நின்னு சம்பாதிச்சது.

காலேஜ் எய்ட் ஆபீஸ் மேடம் பொறுமையா சொன்னாங்க, தனியா இருக்குறதோ அப்பா காசு தராததோ கணக்கே இல்லியாம். இன்டிபென்டன்ட் ஆகணும்னா 2025-26க்கு 2002 ஜனவரி 1க்கு முன்னாடி பொறந்திருக்கணும், இல்ல கல்யாணம், சொந்தக் கொழந்தை, ராணுவம்னு எதாவது இருக்கணும், நான் 2003. அப்பாவோட மதுரை சம்பளத்த டாலர்ல மாத்தி நேர்மையா போட்டிருந்தாலே எனக்குப் பெல் கிராண்ட் வர வாய்ப்பு இருந்துச்சாம், அதக் கேட்டப்பதான் வயிறு எரிஞ்சுது. இப்ப எல்லாத்தையும் திருத்தி அனுப்பணும், அதுக்குள்ள காலேஜோட சொந்த கிராண்ட் பணம் தீந்துபோச்சு.

சரி அட்வைஸ். ஃபாஃப்ஸா ஃப்ரீ, யாருக்கும் காசு குடுக்காதீங்க. லாகின், ஓடிபி பெத்த அப்பனுக்கே குடுக்கக்கூடாது, ஃபார்ம்ல அவரு பங்க ஃபில் பண்ண அவருக்குத் தனி லாகின் இருக்கு. வேணும்னே பொய்த் தகவல் குடுத்தா 20,000 டாலர் வரைக்கும் ஃபைன், ஜெயிலும் உண்டுன்னு ஃபார்ம்லயே போட்டிருக்கு. வீட்டுல நெஜமாவே கொடுமை, தொடர்பே இல்லன்னா எய்ட் ஆபீஸ்லயே சொல்லலாம், அதுக்குத் தனி வழி இருக்கு. இன்னும் எழுதணும், முடியல. நாளைக்கு காலைல 10 மணிக்கு அந்த மாடிப்படிலயே போய் உக்காரப் போறேன்.