போடிமெட்டு இறக்கத்தில் எந்தக் கணக்கு: விசையா, ஆற்றலா?

தேனி மாவட்டம் போடியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். பாடப்புத்தகத்தில் இயக்க விதிகள் முதலில், அதற்கு அடுத்த பாடம் வேலை, ஆற்றல், திறன். இரண்டும் முடிந்ததும் எல்லா வருஷமும் ஒரே கேள்வி வரும்: “சார், இந்தக் கணக்கை விசை வச்சுப் போடணுமா, ஆற்றல் வச்சுப் போடணுமா?” எதை வைத்துப் போட்டாலும் விடை ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம், பொய்யும் இல்லை. ஆனால் ஒன்றில் இரண்டு வரியில் முடிவது இன்னொன்றில் ஒரு பக்கம் இழுக்கும், சில கேள்விகளுக்கு ஒரு வழி வாயே திறக்காது. அதனால் நம்ம ஊர் மலை ரோட்டிலேயே இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

அடிவாரத்து முந்தலில் இருந்து மலை உச்சியில் கேரள எல்லையிலுள்ள போடிமெட்டு வரை இருபது கிலோமீட்டர் சொச்சம், பதினேழு கொண்டை ஊசி வளைவு, ஏறும் உயரம் ஏறக்குறைய 1000 மீட்டர். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கேரளப் பக்கம் போய் சாயங்காலம் திரும்புகிற ஜீப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆளோடு சேர்த்து 2000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சராசரிச் சரிவு இருபதுக்கு ஒன்று, அதாவது ரோட்டில் 20 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்குகிறோம்.

முதலில் சின்னக் கணக்கு. நிறுத்தி வைத்த ஜீப் நியூட்ரலில் தானாக உருண்டு 50 மீட்டர் போய்விட்டது. உராய்வை விட்டுவிட்டால் வேகம் என்ன?

விசை வழி: எடையில் சரிவு திசைக் கூறு இருபதில் ஒரு பங்கு, ஆகவே முடுக்கம் 9.8-ஐ இருபதால் வகுத்தால் வருகிற 0.49. வேகத்தின் வர்க்கம் = 2 × முடுக்கம் × தூரம் = 2 × 0.49 × 50 = 49. வேகம் நொடிக்கு 7 மீட்டர். ஆற்றல் வழி: இறங்கிய உயரம் 2.5 மீட்டர், இழந்த நிலை ஆற்றல் முழுக்க இயக்க ஆற்றல் ஆனது, 2 × 9.8 × 2.5 = 49, மறுபடியும் 7. இரண்டுமே சுலபம்தான், சரிவு ஒரே சீராக இருக்கிற வரைக்கும். ரோடு கொஞ்சம் குத்தலாக, அப்புறம் சமமாக, அப்புறம் மறுபடியும் குத்தலாக இறங்கினால் விசை வழியில் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி முடுக்கம் போட வேண்டும். ஆற்றலுக்கு நடுவில் ரோடு எப்படி நெளிந்தது என்பது தேவையே இல்லை, மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு, அவ்வளவுதான். குறியைத் தப்பாகப் போட்டு மார்க் விடுகிற பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி, ஆற்றலுக்குத் திசை கிடையாதே.

ஆனால் அந்த 50 மீட்டருக்கு எத்தனை நொடி ஆச்சு என்று கேளுங்கள். விசை வழியில் 7-ஐ 0.49-ஆல் வகுத்தால் 14 நொடி சொச்சம் என்று உடனே வந்துவிடும். உயரத்தை மட்டும் கையில் வைத்திருக்கிற ஆற்றல் கணக்கு இங்கே நின்றுவிடும்.

சரி, இப்போது முழு மலையும். பிரேக்கே இல்லாமல், எந்தத் தடையும் இல்லாமல் 1000 மீட்டர் இறங்கினால் அடிவாரத்தில் வேகம் நொடிக்கு 140 மீட்டர், அதாவது மணிக்கு 504 கிலோமீட்டர்! உண்மையில் ஜீப் முந்தலுக்கு ஆற அமரத்தான் வருகிறது. அப்படியென்றால் 2000 × 9.8 × 1000, கிட்டத்தட்ட இரண்டு கோடி ஜூல் எங்கே போனது? பிரேக்கிலும் இன்ஜினிலும் டயரிலும் காற்றிலும் சூடாகப் போனது. நாற்பது நிமிஷத்தில் இறங்கினால் நொடிக்கு 8 கிலோவாட்டுக்கு மேல் என்று ஒருத்தன் எழுதினான். தப்பு, வாட் என்றாலே நொடிக்கு ஜூல்தான், இன்னொரு நொடி வேண்டாம். 8 கிலோவாட் என்றால் 1000 வாட் ஹீட்டர் எட்டை நாற்பது நிமிஷமும் அணைக்காமல் எரிய விட்ட மாதிரி. இவ்வளவையும் பிரேக் தலையில் கட்டினால் அது காய்ந்து பிடிக்காமல் போகும், அதனால்தான் ஏறின கியரிலேயே இறங்கு என்று டிரைவர் அண்ணன்மார் சொல்வது. பாதிச் சூட்டை இன்ஜின் வாங்கிக்கொள்ளட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். இந்த இடத்தில் ஆற்றல் வழிக்கு எதிரே விசை வழி நிற்கவே முடியாது. இருபது கிலோமீட்டருக்கும் பிரேக் விசையை நிமிஷத்துக்கு நிமிஷம் யார் எழுதுவது?

அப்புறம் கொண்டை ஊசி வருகிறது, ஆற்றல் வாயை மூடிக்கொள்கிறது. வளைவில் வண்டியைத் திருப்பும் பக்கவாட்டு உராய்வு, போகிற திசைக்குச் செங்குத்து, ஆகவே அது செய்யும் வேலை சுழி. வேலை சுழி என்றால் ஆற்றல் கணக்கில் அந்த விசையே தெரியாது. உயிரைக் காப்பாற்றுகிற விசை கணக்கிலேயே வரவில்லை! இங்கே விசைப்படம், அதாவது வண்டி மேல் படுகிற விசைகளை அம்புக்குறியாகக் காட்டும் படம், போட்டே ஆக வேண்டும். வளைவின் ஆரம் 10 மீட்டர், காய்ந்த ரோட்டில் உராய்வுக் குணகம் (டயர் ரோட்டைப் பிடிக்கிற பிடியின் அளவு) 0.7 என்று வையுங்கள்: திருப்பத் தேவையான விசை நிறை × வேகத்தின் வர்க்கம் ÷ ஆரம், கிடைக்கிற அதிகபட்ச உராய்வு குணகம் × நிறை × 9.8, இரண்டையும் சமன் செய்தால் வேகத்தின் வர்க்கம் = 0.7 × 9.8 × 10, வேகம் நொடிக்கு 8.3 மீட்டர், மணிக்கு முப்பது கிலோமீட்டர். சாரல் விழுந்து குணகம் 0.4 ஆனால் மணிக்கு 22-23தான். நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போவதைக் கவனியுங்கள். ஒரு டிரைவர் அண்ணன் என்னிடம், “ஆள் நெறைய இருந்தா வண்டி ரோட்டைக் கவ்விப் பிடிக்கும் சார்” என்றார். சமன்பாடு அப்படிச் சொல்லவில்லை. ஆள் கூடினால் பிடியும் கூடும், திருப்பத் தேவையான விசையும் அதே அளவு கூடும். மேலே கேரியரில் சுமை ஏற்றினால் சறுக்குவதற்கு முன்னாலேயே கவிழும் ஆபத்துதான் மிச்சம்.

விசை வழியில் பிள்ளைகள் வழக்கமாக விழுகிற குழி ஒன்று உண்டு: ஓடுகிற வண்டிக்கு முன்பக்கமாக ‘ஓட்ட விசை’ என்று ஒரு அம்புக்குறி. யார் தள்ளுகிறார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. தள்ள ஆள் இல்லாத அம்பைப் போடாதீர்கள். ஆற்றல் வழியின் குழி வேறு, உராய்வு தின்றதைச் சேர்க்க மறப்பது.

இந்தச் சண்டை நம்ம டியூஷனில் தொடங்கியதும் இல்லை. நியூட்டனின் இயக்க விதிகள் வெளிவந்தது 1687. அதற்கு முந்தின வருஷமே ஜெர்மன் அறிஞர் லைப்னிஸ், பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட்டின் ஆட்களோடு மல்லுக்கு நின்றார்: இயக்கத்தின் சரியான அளவு நிறை × வேகமா (இன்று உந்தம் என்கிறோமே, அது), நிறை × வேகத்தின் வர்க்கமா (இதில் பாதிதான் இன்றைய இயக்க ஆற்றல்)? 1720-களில் ஹாலந்துக்காரர் கிராவசாண்டே பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் போட்டுப் பார்த்தார். இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்த குண்டு நான்கு மடங்கு ஆழம் புதைந்தது. பிரெஞ்சு அறிஞர் எமிலி து சாத்லே அந்தச் சோதனையைத் தூக்கிப் பிடித்தார். கடைசியில் பார்த்தால் இரண்டு கட்சியும் சரி. விசையை நேரத்தோடு பெருக்கினால் உந்த மாற்றம், தூரத்தோடு பெருக்கினால் இயக்க ஆற்றல் மாற்றம்.

ஜீப்பிலேயே பாருங்கள். சமதளத்தில் பிரேக் பிடித்தால் எதிர்முடுக்கம் 5 என்று வைப்போம். நொடிக்கு 10 மீட்டரில் வந்தால் 2 நொடியில், 10 மீட்டரில் நிற்கும். நொடிக்கு 20 மீட்டரில் வந்தால் 4 நொடி, ஆனால் 40 மீட்டர். நேரம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு. கேள்வி நேரத்தைக் கேட்கிறதா, தூரத்தையோ உயரத்தையோ கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். நேரம், திசை, வளைவு, கயிற்றின் இழுவிசை என்றால் விசைப் பக்கம் போங்கள். தூரம், உயரம், கடைசி வேகம் என்றால் ஆற்றல். மோதல் கணக்கு மட்டும் தனி ஜாதி, அங்கே முதலில் உந்தம். மோதி ஒட்டிக்கொண்ட இரண்டு வண்டிக்கு இயக்க ஆற்றல் மாறாது என்று எழுதினால் முழு மார்க்கும் காலி.

எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், நான் முதலில் நீட்டுவது ஆற்றலைத்தான், நேரம் மிச்சம். ஆனால் விசைப்படம் போடத் தெரியாதவனிடம் ஆற்றலைக் கொடுக்க மாட்டேன், எந்த விசை வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பதே அவனுக்குப் பிரியாது. பரீட்சையில் நேரம் இருந்தால் ஒன்றில் போட்டு மற்றதில் சரிபாருங்கள். இரண்டு விடையும் ஒத்து வரவில்லையா? தத்துவத்தைச் சந்தேகப்படும் முன்னால் மணிக்கு 36 கிலோமீட்டரை நொடிக்கு 10 மீட்டராக மாற்றினீர்களா, 36-ஐ அப்படியே போட்டீர்களா என்று பாருங்கள். பத்தில் ஏழு பேர் நோட்டில் நான் சிவப்பு மையில் வட்டம் போடுவது அங்கேதான்.