ஜெட் ஸ்கீக்குக் கில் சுவிச் பூட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

யாழ்ப்பாணத்தில் ஜெட் ஸ்கீ வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போட் எஞ்சின்காரருக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நானும் மச்சானும் சேர்ந்து வாங்கியது பழைய ரூ ஸ்ரோக் எஞ்சின் ஜெட் ஸ்கீ. எஞ்சினை நிறுத்தக் கைபிடியில் சிவப்புப் பொத்தான் மட்டும்தான். ஆள் தண்ணீரில் விழுந்தால் அதை யார் அமத்துவது? அதனால் லைஃப் ஜக்கெற்றில் கொழுவும் சுருள் கயிற்றுச் சுவிச் (அதுதான் கில் சுவிச்) ஒன்றைப் பூட்ட, டவுனில் ஒரு கடையில் கொடுத்தோம். ஆள் விழ, கிளிப் கழன்று எஞ்சின் நிற்க வேண்டும். கூலியோடு 18,500 ரூபா.

எடுக்கப் போன அன்று கடைக்காரர் ஸ்ராட் பண்ணிக் கயிற்றை இழுத்துக் காட்டினார். சட்டென்று நின்றது. "தண்ணி இல்லாமல் கனநேரம் ஓடவிடக்கூடாது தம்பி, சூடேறிப்போம்" என்றார். அது உண்மைதான், இந்த எஞ்சினைக் குளிர்விப்பதே கடல்தண்ணீர். அதனால் இன்னொருமுறை காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. இழுத்தது வலக்கை. இடக்கைப் பெருவிரல் எங்கே இருந்தது என்று பார்க்கவுமில்லை.

காரைநகர் கசூரினாவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மச்சான் கயிற்றை இழுத்தார். எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடியது. திரும்ப மாட்டி இழுத்தார். ஓடியது. அப்போதுதான் கடைக்காரரின் அந்தப் பெருவிரல் ஞாபகம் வந்தது. வடக்குப் பார்த்த கரை, தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று கடல்பக்கம்தான் தள்ளும். வெளியே போய் விழுந்திருந்தால் நீந்திப் பிடித்திருக்க மாட்டோம்.

குருநகரில் போட் எஞ்சின் திருத்தும் அண்ணை ஒருவர் கழற்றிப் பார்த்தார். எங்களுடைய எஞ்சினில் நிறுத்தும் வயர் எர்த்தோடு சேர்ந்தால் பிளக்கில் தீப்பொறி வராது, எஞ்சின் நின்றுவிடும். கிளிப் கழரும்போது சுவிச் செய்யவேண்டியது அந்த ஒரு வேலைதான். புதுச் சுவிச்சின் இரண்டு வயரும் கறுப்பு ரேப் சுற்றி, கைபிடி மெத்தைக்குக் கீழே சொருகிக் கிடந்தன. மின்பெட்டியின் ஆணிகளில் பழைய உப்பு அப்படியே படிந்திருந்தது, ஒருவரும் திருகவேயில்லை. சுவிச் நல்ல சாமானாம். அதுதான் இன்னும் எரிச்சல். அரை மணித்தியாலத்தில் இணைத்துத் தந்தார்.

கடைக்குப் போன் எடுத்தால், "கடலிலை அடிபட்டுக் கழண்டிருக்கும் தம்பி." கழன்ற வயர் தானே ரேப் சுற்றிக்கொண்டதாக்கும்! பில்லில் "சுவிச் வேலை" என்று மட்டும் இருக்கிறது. அதை வைத்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிட்டிருக்கிறேன்.

நீங்கள் எடுக்கப் போனால் கயிற்றை நீங்களே இழுங்கள், கடைக்காரரை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கிளிப்பைக் கழற்றிவிட்டு ஸ்ராட் பண்ணியும் பாருங்கள். எஞ்சின் பிடிக்கவே கூடாது.