மியூனிக்கில் இத்தாலியச் சாப்பாடு: எதை வெளியே, எதை வீட்டில்?

மியூனிக்கை 'இத்தாலியின் வடகோடி நகரம்' என்று செல்லமாகச் சொல்வார்கள். பிரென்னர் கணவாய்க்குக் காரில் இரண்டு மணி நேரம் போதும், அதைத் தாண்டினால் இத்தாலி. தெருவுக்குத் தெரு இத்தாலிய உணவகம். இருந்தும், இத்தாலியில் ஒரு வாரம் சுற்றிவிட்டு வந்த எவரிடம் கேட்டாலும், 'அந்த ருசி இங்கே வரவே மாட்டேங்குது' என்ற புலம்பல்தான். எல்லாவற்றையும் ஒரே கடையில் எதிர்பார்ப்பதால் வரும் ஏமாற்றம் இது என்பது என் கட்சி. பீட்சாவுக்கு ஒரு இடம், பாஸ்தாவுக்கு ஒரு இடம், ஐஸ்கிரீமுக்கு ஒரு இடம் என்று பிரித்துக்கொண்டால் ஜெர்மனியில் நன்றாகவே சாப்பிடலாம்.

முதலில் எல்லோரும் குறை சொல்லும் தெருமுனை இத்தாலிய உணவகம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியின் முதல் பீட்சாக் கடை என்று சொல்லப்படுவது 1952இல் வூர்ட்ஸ்பர்க் நகரில் நிக்கோலீனோ தி கமில்லோ தொடங்கியது. தொடக்கத்தில் அதன் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அங்கே முகாமிட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள். 1955இல் இத்தாலியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டது மேற்கு ஜெர்மனி. தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களில் பலர் பிறகு சொந்தமாகக் கடை வைத்தார்கள். சாப்பிட வந்த ஜெர்மானியர்களுக்குப் பூண்டு பிடிக்காது, கிரீம் பிடிக்கும். கார்பொனாரா என்ற பாஸ்தாவில் இங்கே கிரீமும், பன்றித் தொடை இறைச்சியான ஹாமை வேகவைத்ததும் சேர்ந்துகொண்டது இப்படித்தான். ரோம் நகரத்துக்காரர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்: அவர் கணக்கில் முட்டை, பெக்கொரினோ சீஸ், பன்றிக் கன்னத்து இறைச்சியான குவாஞ்சாலே, மிளகு, அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கடைகளைப் போலி என்று ஒதுக்க எனக்கு மனசு வராது. ரிகத்தோனி அல் ஃபோர்னோ என்று குழாய் வடிவப் பாஸ்தாவைக் கிரீம், ஹாம், பட்டாணி, மேலே உருகிய சீஸோடு அடுப்பில் சுட்டு ஒரு மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவருவார்கள். இத்தாலியில் தேடினால் இந்த வடிவத்தில் கிடைப்பது அரிது. ஜனவரி மாதக் குளிரில் அதற்கு ஈடு கிடையாது. பில்லோடு திராட்சைச் சக்கையில் வடித்த சாராயமான கிராப்பா ஒரு சின்னக் கிளாஸ் இலவசமாக வரும், முதலாளி வாசல்வரை வந்து கைகொடுப்பார். இன்னொரு விஷயம். 1980களில் அகதிகளாக வந்த ஈழத்தமிழர்கள் பலருக்கு முதலில் கிடைத்தது உணவக அடுக்களை வேலைதான், இத்தாலிய உணவகங்கள் உட்பட. உள்ளே எட்டிப் பார்த்து 'அண்ணா, கொஞ்சம் உறைப்பாப் போடுங்கோ' என்று கேட்க முடிகிற இத்தாலியக் கடை கிடைத்தால் விடாதீர்கள்.

இந்தத் தெருமுனைக் கடைகள் சறுக்குவது மற்ற பாஸ்தாக்களில். உலர்ந்த பாஸ்தா வேகப் பத்து நிமிடம் போல ஆகும். அறுபது, எழுபது பண்டம் உள்ள மெனுவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தட்டுக்கும் புதிதாக வேகவைக்க முடியுமா? முன்கூட்டியே முக்கால் பதமாக வேகவைத்து வைத்துக்கொண்டு, ஆர்டர் வந்ததும் சூடாக்கித் தருவது எளிது. அதனால் நான் முதலில் பார்ப்பது மெனுவின் நீளம். ஒரே பக்கம், அதிலும் பருவத்துக்கு ஏற்ப மாறும் நாலைந்து பண்டங்கள் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தால் உட்காரலாம். பிளாஸ்டிக் உறை போட்ட பன்னிரண்டு பக்கம் என்றால் ரிகத்தோனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பீட்சா விஷயம் வேறு. இதில் வீடு தோற்றுவிடும், அதில் சந்தேகமே இல்லை. நேப்பிள்ஸ் பீட்சாவுக்கென்று 1984இல் ஒரு சங்கம் தொடங்கி விதிகள் எழுதி வைத்திருக்கிறார்கள்: மாவைக் கையாலேயே தட்டி விரிக்க வேண்டும், குறுக்களவு 35 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, 60 முதல் 90 விநாடிக்குள் வெந்து வெளியே வந்துவிட வேண்டும். அதற்கு அடுப்பில் 430 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். நம் வீட்டு ஓவன் முக்கி முனகினாலும் 250 டிகிரி. அந்தச் சூட்டில் மாவு வேகப் பல நிமிடம் ஆகும், அதற்குள் ஈரமெல்லாம் போய் ரொட்டி மொறுமொறுத்துவிடும். அது கெட்ட பீட்சா இல்லை, ஆனால் விளிம்பு உப்பி, நடுவில் துவண்டு, அங்கங்கே கருகிய புள்ளியோடு இருக்கும் அந்த ஜாதி வேறு. கடந்த சில வருஷங்களில் ஜெர்மன் நகரங்களில் இந்தப் பாணிக் கடைகள் நிறையவே வந்துவிட்டன. ஒரு மார்கெரித்தா பத்து யூரோவைத் தாண்டும், கொடுக்கலாம். தயவுசெய்து பார்சல் மட்டும் வேண்டாம். தோசை மாதிரிதான், கல்லிலிருந்து இறங்கின சில நிமிடம்தான் அதற்கு ஆயுசு. அட்டைப்பெட்டிக்குள் ஆவி பட்டால் தோல் மாதிரி ஆகிவிடும்.

பாஸ்தாவில் கதை தலைகீழ். இத்தாலிக்காரர் வீட்டில் இருக்கும் அடுப்பும் பானையும்தான் நம்மிடமும் இருக்கின்றன, சாமானும் அங்கிருந்தே வருகிறது. 1967ஆம் வருஷச் சட்டப்படி இத்தாலியில் உலர்ந்த பாஸ்தாவை டூரம் கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டும். அதனால் மலிவான பாக்கெட்கூட மோசம் போகாது. கொஞ்சம் கூடச் செலவழிக்கத் தயார் என்றால் வெண்கல அச்சில் பிழிந்து மெதுவாக உலர்த்தியதை வாங்குங்கள், நேப்பிள்ஸ் பக்கத்து கிரன்யானோ ஊர்ச் சரக்கு இதற்குப் பேர்போனது. மேற்பரப்பு மாவு பூசினாற்போல் சொரசொரப்பாக இருக்கும், குழம்பு அதில் ஒட்டும். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே எடுத்துச் சட்டியில் இருக்கும் குழம்பில் போட்டு, வேகவைத்த தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றிக் கிளறினால் அதிலிருக்கும் மாவுச்சத்து எண்ணெயையும் நீரையும் பிணைத்துவிடும். தக்காளிக்குச் சீசன் இல்லாத மாதங்களில் பழமாக வாங்காமல் முழுத் தக்காளி டப்பாவையே நம்புங்கள். பூண்டு, ஆலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாய் மட்டும் போட்ட ஆலியோ எ ஓலியோ கால் மணி நேர வேலை. வெளியே அதையே வாங்கினால் நாலைந்து மடங்கு காசு கொடுத்து, குழைந்து போனதைச் சாப்பிடுவோம்.

சாமான் எங்கே வாங்குவது? டூரினில் 2007இல் பிறந்த இத்தாலிய உணவுக் கடைத்தொடரான ஈட்டாலி, 2015இல் மியூனிக்கின் பழைய தானியச் சந்தைக் கட்டடமான ஷ்ரானன்ஹாலேயில் கடை திறந்தது. சுற்றிப் பார்க்க அருமை, குவாஞ்சாலே மாதிரி அபூர்வமானதற்குப் போகலாம். வாரச் சாமானுக்குக் கையைக் கடிக்கும். சாதாரண சூப்பர் மார்க்கெட்டே போதும். 'பார்மிசான்' என்ற பெயரை ஜெர்மனியில் கண்ட சீஸுக்கும் போட்டு விற்க முடியாது. அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கே அந்தப் பெயர் உரியது என்று 2008இல் ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. துருவிய பாக்கெட்டைத் தவிர்த்துக் கட்டியாக வாங்கினால் சரி.

சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்மிஜானோ, கிரானா பதானோ, பெக்கொரினோ ரொமானோ மூன்றிலும் பாலைத் திரைக்கக் கன்று அல்லது ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்ப்பது வழக்கம். கடையில் சைவம் என்று எழுதியிருக்கும் பாஸ்தாவின் மேலும் இதைத் தூவித் தருவார்கள். வீட்டில் என்றால் தாவர ரென்னெட் போட்ட கட்டிச் சீஸ் கிடைக்கிறது. வெளியே என்றால் பீட்சா மரினாரா: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய். சீஸே கிடையாது. சீஸ் இல்லாத பீட்சாவா என்று முகம் சுளிக்காதீர்கள், மாவும் தக்காளியும் தரமா இல்லையா என்பது இதில் மறைக்க முடியாமல் தெரிந்துவிடும்.

ஐஸ்கிரீமில் ஜெர்மனி இத்தாலிக்கு அதிகம் சளைக்காது. இங்குள்ள பழைய ஐஸ் கடைகளில் பலவற்றை நடத்துவது டோலமைட் மலையடிவாரத்து சோல்தோ, கதோரே பள்ளத்தாக்குகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்துபோகும் குடும்பங்கள். 1969இல் மான்ஹைமில் தாரியோ ஃபொன்தனெல்லா, வனிலா ஐஸை நூடுல்ஸ் பிழிவது போலப் பிழிந்து, ஸ்ட்ராபெரிச் சாறு ஊற்றி ஸ்பகெட்டி ஐஸ் செய்தார். இந்த ஐஸ் கடைக்காரர்களில் பலர் குளிர்காலத்தில் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள், இலையுதிர் காலத்துக்குள் போய்ச் சாப்பிட்டுவிடுங்கள்.