டபுள் செக்கா, ஆர்.பி.இசட்-ஆ? சோதனை கேஜைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஒப்பீடு

வணிகக் கட்டடத்தின் குடிநீர் இணைப்பில் பின்னோட்டத் தடுப்பான் (உள்ளே போன தண்ணீர் தெரு மெயின் குழாய்க்குத் திரும்பி வராமல் தடுக்கும் வால்வ்) போட வேண்டும் என்றால் பேச்சு விலையில் தொடங்கி பிரஷர் இழப்பில் போய் நிற்கும். டபுள் செக், ஆர்.பி.இசட். (reduced pressure zone) இரண்டும் அதன் வகைகள். நான் முதலில் கேட்பது வேறு: இந்த வால்வ் பழுதானால் யாருக்கு, எப்போது தெரியும்? ரப்பரும் ஸ்பிரிங்கும் உள்ள எதுவும் ஒருநாள் பழுதாகத்தான் செய்யும். குழாய் வேலையில் உதிர்ந்த டெஃப்லான் டேப் துணுக்கு ஒன்று சீட்டில் (வால்வின் மூடி அமரும் இடத்தில்) மாட்டிக்கொண்டாலே போதும்.

தண்ணீர் திரும்பி வர இரண்டு வழிகள் உண்டு. கட்டடத்துக்குள் இருக்கும் பாய்லரோ பம்போ மெயின் குழாயைவிட அதிக அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் எதிர்த்திசையில் தள்ளப்படும். மெயினில் அழுத்தம் திடீரென விழுந்தால் உறிஞ்சப்படும். இரண்டாவது வகை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1969-இல் அமெரிக்காவின் ஹோலி கிராஸ் கல்லூரியில் நடந்தது சாட்சி. அருகில் ஒரு தீயை அணைக்கத் தண்ணீர் எடுத்தபோது மெயினில் அழுத்தம் விழுந்தது. மைதானத்துக்குத் தண்ணீர் விடும் தாழ்வான குழியில் தேங்கியிருந்த அசுத்த நீர் குடிநீர்க் குழாய்க்குள் போனது. கால்பந்து அணியைச் சேர்ந்த 97 பேரில் 90 பேருக்கு ஹெபடைடிஸ் தொற்றியது. அந்தப் பருவத்தின் ஆட்டங்களே இரண்டோடு நின்றுபோயின. தண்ணீரில் கோளாறு என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரியவில்லை. இந்த வேலையில் என்னை உறுத்துவது அதுதான்.

சரி, வால்வுகளுக்கு வருவோம். டபுள் செக் என்பது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு செக் வால்வ், அதாவது தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வ். ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்கும். அளவில் சிறியது, அழுத்த இழப்பும் குறைவு. சோதனையும் நேரடியானது: ஒவ்வொரு செக்கும் நீரோட்டத் திசையில் குறைந்தது 1 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தத்தைத் தாங்கி நிற்க வேண்டும். அது ஏறத்தாழ 70 செ.மீ. உயரத் தண்ணீரின் எடை, அவ்வளவுதான். குறை என்னவென்றால், முதல் செக் பழுதானாலும் வெளியே ஒரு சொட்டு தெரியாது. இரண்டாவதும் போனால் அப்போதும் தெரியாது. அடுத்த சோதனை நாள் வரை நீங்கள் நம்பிக்கையில்தான் ஓட்டுகிறீர்கள்.

ஆர்.பி.இசட்-இலும் இரண்டு செக் உண்டு. ஆனால் நடுவில் இருக்கும் அறையின் அழுத்தம் எப்போதும் உள்ளே வரும் அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்கும்படி செய்திருப்பார்கள். அந்த வித்தியாசம் சுருங்கினால் அடியில் உள்ள ரிலீஃப் வால்வ் திறந்து தண்ணீரை வெளியே கொட்டிவிடும். அழுக்கு நீர் குடிநீருக்குள் போவதற்குப் பதில் தரையில் விழும். சோதனையில் இதை உங்கள் விரலாலேயே உணரலாம். கடைப்பக்க (தண்ணீர் கட்டடத்துக்குள் போகும் பக்க) வால்வை மூடி, அழுத்த வித்தியாசம் காட்டும் கேஜின் ஹோஸ்களை இரண்டாவது, மூன்றாவது டெஸ்ட் காக்குகளில் (வால்வின் உடலில் சோதனைக்கென்றே உள்ள சிறு திறப்புகளில்) மாட்டி, காற்றை வெளியேற்றிவிட்டு, கேஜின் கட்டுப்பாட்டு வால்வை மெதுவாக, மிக மெதுவாகத் திறக்க வேண்டும். முள் இறங்கிக்கொண்டே வரும். இன்னொரு கை ரிலீஃப் துவாரத்துக்கு அடியில் இருக்கட்டும். முதல் சொட்டு விரலில் பட்ட நொடியில் முள் 2 பி.எஸ்.ஐ. அல்லது அதற்கு மேல் நிற்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் முள் தாவிவிடும், அந்த அளவீட்டுக்கு மதிப்பே இல்லை.

ரிலீஃப் துவாரம் சொட்டுகிறது என்று புகார் வந்தால் பயப்பட வேண்டாம், கடைப்பக்கத்தில் ஒரு குழாயைத் திறந்துவிட்டுப் பாருங்கள். தண்ணீர் ஓடும்போது சொட்டு நின்றால் பெரும்பாலும் முதல் செக்கில் அழுக்கு. ஓடும்போதும் நிற்கவில்லை என்றால் ரிலீஃப் வால்வைக் கழற்றிப் பாருங்கள். அப்புறம், தயவுசெய்து சொட்டும் துவாரத்தை அடைக்காதீர்கள். அடைத்த ஆர்.பி.இசட். டபுள் செக்கைவிட மோசம், ஏனென்றால் கட்டடமே அதை நம்பிக்கொண்டிருக்கிறது.

ஆர்.பி.இசட்-க்கும் விலை உண்டு, பணமாக மட்டுமல்ல. அழுத்த இழப்பு பலசமயம் 10 பி.எஸ்.ஐ. அல்லது அதற்கு மேல் போகும். மேல்மாடிகளுக்கு ஏற்கெனவே அழுத்தம் போதாத கட்டடத்தில் அது பெரிய விஷயம். பெரிய அளவு ஆர்.பி.இசட்-இன் ரிலீஃப் வால்வ் முழுதாகத் திறந்துகொண்டால் அறையே குளமாகிவிடும். அதனால் தரையடிக் குழிக்குள் வைக்கவே கூடாது: குழி நிரம்பி ரிலீஃப் துவாரம் மூழ்கினால், காப்பாற்ற வேண்டிய வால்வே அழுக்கு நீர் நுழையும் வாசலாகிவிடும்.

ஏர் கேப் இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது: குழாயின் வாய்க்கும் தொட்டியின் விளிம்புக்கும் நடுவே வெறும் காற்று. இடைவெளி குழாய் விட்டத்தைப்போல் இரு மடங்கு, எப்படியும் 1 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சோதிக்க அளவுகோல் போதும். ஆனால் அங்கேயே மெயினின் அழுத்தம் தீர்ந்துவிடும், மறுபடி பம்ப் போட வேண்டும். யாராவது ஒரு ஹோஸை மாட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டால் மொத்தப் பாதுகாப்பும் போயிற்று. தோட்டப் பாசனத்துக்குப் போடும் பிரஷர் வேக்யூம் பிரேக்கர் உறிஞ்சுவதை மட்டுமே தடுக்கும், தள்ளும் அழுத்தத்துக்கு முன்னால் பயனில்லை.

என் தேர்வு இது: ரசாயனம், பாய்லர் மருந்து, மருத்துவமனைக் கழிவு என்று உயிருக்கு ஆபத்தான எதுவும் கடைப்பக்கத்தில் இருந்தால் ஆர்.பி.இசட். அல்லது ஏர் கேப், பேரமே இல்லை. சுவையும் நிறமும் மட்டும் கெடக்கூடிய இடத்தில் டபுள் செக் சரி. வெறும் தண்ணீர் நிற்கும் தீயணைப்பு ஸ்பிரிங்க்லர் லைனிலும் அழுத்த இழப்பைக் கருதி டபுள் செக் போடுவது வழக்கம். ஆனால் அதே லைனில் ஆன்டிஃப்ரீஸ் (தண்ணீர் உறையாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம்) சேர்த்தால் கணக்கு மாறிவிடும்.

எதை வாங்கினாலும், ஆண்டுக்கு ஒருமுறையும் ஒவ்வொரு பழுதுபார்ப்புக்குப் பிறகும் சோதிக்க வேண்டியிருக்கும். சோதிக்கும்போது தண்ணீர் நிற்கும். 24 மணி நேரமும் ஓடும் கட்டடத்தில் ஒற்றை வால்வ் போட்டால், நிறுத்த முடியாது என்ற காரணத்தாலேயே சோதனை தள்ளிக்கொண்டே போகும். இரண்டு வால்வுகளை இணையாகப் போடுங்கள், ஒன்றை மூடிச் சோதிக்கும்போது மற்றது ஓடட்டும். டெஸ்ட் காக்குகள் சுவர்ப்பக்கம் திரும்பாமல், கேஜுடன் ஒரு ஆள் மண்டியிட்டு உட்காரும் அளவுக்கு இடம் இருக்கிறதா என்று குழாய் வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.