பெயர்ப்பலகையா, பூச்செடியா?

லண்டனில் ஜனவரி மாதம் குடியிருப்புத் தெருக்களில் நடக்கும்போது கண்ணை எங்கே வைப்பது?

பெயர்ப்பலகைகளைப் பார்த்தபடி போகலாம். சில பழைய பலகைகளில் தெருப்பெயரோடு 'எஸ்.இ.' (தென்கிழக்கு அஞ்சல் வட்டாரம்) என்று மட்டும் இருக்கும், எண் இருக்காது. அஞ்சல் வட்டாரங்களுக்கு எண் கொடுத்தது 1917இல்தான். அப்படியென்றால் அந்தப் பலகை அநேகமாக அதற்கும் முந்தியது! அப்புறம், யார் வாழ்ந்த வீடு என்று சொல்லும் நீல வட்டப் பலகைகள்.

செடிகள் வேறு மாதிரி. குளிர்கால மல்லிகை, இலையில்லாத பச்சைக் கொம்புகளில் மஞ்சளாகப் பூத்திருக்கும். நம் மல்லிகைக்குச் சொந்தம்தான், ஆனால் மணம் கிடையாது. மணம் வேண்டுமென்றால் சார்கோகாக்கா. வாசலோரம் இடுப்புக்குக் கீழே நிற்கும் புதர். குனிந்து இலையை விலக்கினால், வெள்ளை நூல்பிசிறு போலச் சின்னச் சின்னப் பூக்கள். பூ கண்ணில் படுவதற்கு முன்பே தேன் வாசம் ஆளை நிறுத்திவிடும். கையுறையைக் கழற்றி ஒரு கொப்பைத் தொட்டுப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை.

எனக்குச் செடிகள்தான். பலகை ஜூலையிலும் அதே சுவரில் இருக்கும். மார்ச் தாண்டினால் இந்த வாசம் இருக்காது. சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடுகிற நாட்களில் மட்டும், தெருவிளக்கு வெளிச்சத்தில் பலகை படிக்கிறேன்.