தட்டை எடுத்தது யார்? ஒரு வடசென்னை ஆஸ்பத்திரி வார்டில் ஐந்து நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆஸ்பத்திரி பெயரைப் போடப்போவதில்லை. போட்டால் நிர்வாகத்துக்கு ஒன்றும் ஆகாது, அன்றைக்கு ராத்திரி டூட்டியில் இருந்த சின்னப் பொண்ணு தலையில்தான் விடியும். வடசென்னையில் இருக்கிற ஒரு நடுத்தரத் தனியார் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். பெயரே இல்லாமல் விமர்சனம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டு ஆளை எங்கே சேர்த்தாலும் இதே விஷயங்களைக் கவனிக்கலாம், அதற்காகத்தான்.

நான் 31 வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள். என் நாத்தனாருக்கு (அக்கா என்றுதான் கூப்பிடுவேன்) நிமோனியா. வயது 68, இருபது வருஷமாகச் சர்க்கரை வேறு. புதுவண்ணாரப்பேட்டையில் வீடு. ராத்திரி பதினோரு மணிக்கு மூச்சு வாங்குகிறது என்று போன் வந்ததும் ஆட்டோ பிடித்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பூந்து, பக்கத்தில் எது இருந்ததோ அதில் சேர்த்தோம். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாம் என்று வீட்டுக்காரர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதை விடுங்கள்.

கட்டடம், லிஃப்ட், கேன்டீன் பற்றி ஒரே மூச்சில்: சுத்தமாக இருக்கிறது, லிஃப்ட் ஸ்ட்ரெச்சர் வந்தால் நம்மை இறக்கிவிடும், கேன்டீன் காபி வேண்டாம், எதிரே தள்ளுவண்டியில் நல்ல டீ கிடைக்கும். கொசு உண்டு. வண்டி நிறுத்த இடம் கிடையாது. டாக்டர்கள் நல்ல டாக்டர்கள், ஆனால் நாளைக்கு எட்டு நிமிஷம் வருகிறார்கள். மீதி இருபத்துமூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிஷம் நோயாளி சிஸ்டர்கள் கையில்தான். அதனால் நான் மார்க் போடுவது வார்டுக்கு மட்டும்.

22 படுக்கை. பகலில் நான்கு சிஸ்டர், இரண்டு டிரெய்னி பொண்ணுங்க, இரண்டு ஆயாம்மா, ஒரு வார்டு பாய். ராத்திரி இரண்டு சிஸ்டர், ஒரு ஆயாம்மா. இந்திய நர்ஸிங் கவுன்சில் கணக்குப்படி பொது வார்டில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரி என்றால் ஐந்து பேருக்கு ஒருவர். இங்கே ராத்திரி ஒருவருக்குப் பதினொன்று. இதை ஒரு தனிக் குறையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, நான் அதைவிட மோசமான கணக்கில் வேலை பார்த்தவள். ஆனால் பதினொரு பேரை ஒருத்தி பார்க்கும்போது யாரை முதலில் பார்ப்பது, எதைத் தன் கையில் வைத்துக்கொள்வது, எதை யாரிடம் கொடுப்பது என்பது தெரிந்தே ஆகணும். கை வேகமாக இருந்தால் மட்டும் போதாது.

நாத்தனாருக்கு 6-ம் நம்பர் பெட், சிஸ்டர்கள் உட்காரும் மேஜைக்கு ஒட்டினாற்போல். எல்லாம் காதில் விழும். பழைய பழக்கம், நானும் காதைத் தீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பகல் இன்சார்ஜ் சிஸ்டரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நாற்பது வயசு இருக்கும், குரல் உயராது. எட்டு மணிக்கு வந்ததும் ஃபைலைத் தொடமாட்டார். கையை வீசிக்கொண்டு 22 பெட்டையும் ஒரு நடை நடந்து வருவார், ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார், "தூங்குனீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்பார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ நலம் விசாரிக்கிற மாதிரி இருக்கும். உண்மையில் அவர் யார் முழு வாக்கியமாகப் பதில் சொல்கிறார்கள், யாருக்கு இரண்டு வார்த்தையில் மூச்சு நிற்கிறது, யார் நேற்றுப் பேசியதுபோல் பேசவில்லை என்றெல்லாம் பார்த்துக்கொண்டு போகிறார். அதற்கப்புறம்தான் ராத்திரி சிஸ்டரிடம் பொறுப்பு வாங்குவது.

இரண்டாம் நாள் காலையில் ஒரே சமயத்தில் மூன்று குரல். 3-ல் டிரிப்ஸ் தீர்ந்துவிட்டது. 9-ல் ஒருத்தர் டிஸ்சார்ஜ் பேப்பர் கேட்டு மேஜையைத் தட்டுகிறார், வாயும் சும்மா இல்லை. 17-ல் ஒரு தாத்தா, அவர் சம்சாரம் வந்து மெதுவாக, ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி, "அவருக்கு மூச்சு ஒரு மாதிரியா கீதும்மா" என்கிறார். இன்சார்ஜ் நேராக 17-க்கு நடந்தார். நடந்துகொண்டே டிரெய்னி பொண்ணிடம், "3-ல டிரிப்ஸை மூடிட்டு மட்டும் வா, புதுசு மாட்டாதே, நான் வந்து பார்த்துச் சொல்றேன்" என்றார். 9-க்காரரிடம், "சார், பத்து நிமிஷம்." அவ்வளவுதான். கத்த முடிகிறவருக்கு மூச்சு நன்றாகவே இருக்கிறது என்று எங்கள் காலத்து மேட்ரன், அதாவது தலைமை நர்ஸ் ஒருவர் சொல்வார், அது ஞாபகம் வந்தது.

17-ம் பெட் சார்ட்டில் காலை ஆறு மணிக்கு மூச்சு எண்ணிக்கை 20 என்று எழுதியிருந்தது. இன்சார்ஜ் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுதாக எண்ணினார், 30. உடனே ஆக்சிஜன், டூட்டி டாக்டர், எக்ஸ்ரே. இங்கே என் பெரிய குறை ஒன்று. அந்த வார்டின் ராத்திரி சார்ட்டை நம்பினால் 22 பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விடுகிறார்கள், எல்லோருக்கும் 20. இது இந்த ஆஸ்பத்திரி வியாதி மட்டுமில்லை, பல ஆஸ்பத்திரிகளில் பார்த்திருக்கிறேன், பிபியும் ஆக்சிஜனும் மெஷின் காட்டிவிடும், மூச்சை மட்டும் நாம் நின்று எண்ணணும், ராத்திரியில் யாருக்கு நேரம் இருக்கிறது? ஆனால் உடம்பு கெடப்போகிறது என்றால் பல சமயம் முதலில் மாறுவது மூச்சுதான். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்த எச்சரிக்கை மார்க் முறையில் (மார்க் கூடக்கூட ஆபத்து), மூச்சு 25-ஐத் தொட்டாலே அந்த ஒன்றுக்கு மட்டும் 3 மார்க், அதற்குமேல் கொடுக்கவே மார்க் இல்லை. பார்க்காமல் 20 போடுவதற்குக் காலியாக விட்டிருக்கலாம், காலி என்றால் அடுத்து வருகிறவளாவது எண்ணுவாள்.

சரி, இப்போது அந்த ராத்திரி.

மூன்றாம் நாள். ஏழரைக்கு நாத்தனாருக்கு இன்சுலின் போட்டார்கள், நான் கண்ணால் பார்த்தேன். சாப்பாட்டுக்கு அரைமணிக்கு முன்னால் போடுகிற வகை. சாப்பாடு வந்துவிடும், அக்காவே சாப்பிட்டுக்கொள்வார், நான் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ராத்திரி துணைக்கு வந்துவிடலாம் என்று கிளம்பினேன். என் புத்தியைச் சொல்லணும், 31 வருஷம் வேலை பார்த்தவள் இன்சுலின் போட்ட ஆளைச் சாப்பிடவைக்காமல் நகர்ந்தேன். சாப்பாடு வந்தது எட்டேகாலுக்கு, சரியாக ஷிஃப்ட் மாறுகிற நேரம். அக்காவுக்குக் காய்ச்சல் அசதி, அப்புறம் சாப்பிடலாம் என்று தூங்கிவிட்டார். ஒன்பது மணிக்கு ஆயாம்மா வந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், மூன்று இட்லியும் மூடின மூடியும் அப்படியே இருக்க.

நான் பத்து மணிக்கு வந்தேன். அக்கா நைட்டி நனைந்து முதுகில் ஒட்டிக்கிடக்கிறது, கை நடுங்குகிறது, என்னைப் பார்த்து "அம்மா வந்துட்டியா" என்கிறார். அவர் அம்மா செத்து முப்பது வருஷம் ஆகிறது. கத்தினேன். ஒரு சிஸ்டர் புது அட்மிஷனோடு இருந்தார், இன்னொரு பொண்ணு மருந்து கேட்கிற சீட்டு எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். சுகர் 48. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு, 54-க்குக் கீழே என்றால் ஆபத்து.

அதற்கப்புறம் அந்தப் பொண்ணு செய்ததில் ஒரு குற்றம் சொல்லமுடியாது. நினைவு இருக்கிறதா, முழுங்க முடிகிறதா என்று முதலில் பார்த்தாள், பிறகு குளுக்கோஸ் பவுடரைக் கரைத்துத் தானே குடிக்க வைத்தாள், ஆயாம்மாவைப் பாலுக்கு அனுப்பினாள், என்னை டூட்டி டாக்டர் ரூமுக்குப் போகச் சொல்லாமல் தானே போன் போட்டாள், பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தாள், 76. அப்புறம் பாலும் பிஸ்கட்டும். கை நடுங்கவில்லை. நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கோளாறு ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது.

காலையில் இன்சார்ஜ் கேட்டபோது ஆயாம்மா சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "தட்டு எட்னு வான்னாங்கோ, எட்னு வந்தேன். துன்னாங்களா இல்லையான்னு பாக்கச் சொல்லி யாரும் சொல்லலியே சிஸ்டர்." நூற்றுக்கு நூறு உண்மை. அவருக்கு 6-ம் பெட்டுக்கு இன்சுலின் போட்டது எப்படித் தெரியும்? வேலையைக் கொடுத்தார்கள், வேலையோடு சேர்த்துக் கொடுக்கவேண்டிய ஒரு வரியைக் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் நர்ஸிங் போர்டுகளின் தேசியக் கவுன்சில் 1995-லேயே, வேலையை இன்னொருவரிடம் கொடுப்பதற்கு ஐந்து சரிகள் என்று ஒன்றை எழுதிவைத்தது: சரியான வேலை, சரியான சூழ்நிலை, சரியான ஆள், சரியாக விளக்கிச் சொல்வது, சரியான மேற்பார்வை. தட்டு எடுப்பது ஆயாம்மா செய்யக்கூடிய வேலைதான், ஆளும் சரிதான். நான்காவதும் ஐந்தாவதும்தான் அன்றைக்கு ஷிஃப்ட் மாறுகிற சந்தடியில் காணாமல் போய்விட்டன.

நிறையப் பேர் ஆயாம்மாவைத் திட்டியிருப்பார்கள். இந்த இன்சார்ஜ் திட்டவில்லை. அன்று மத்தியானமே மாற்றினார்: இன்சுலின் போடுகிறவர்கள் கட்டிலில் ஒரு மஞ்சள் துணி நாடா, அந்தத் தட்டை எடுப்பதற்கு முன்னால் எவ்வளவு மீதி என்று சிஸ்டரிடம் வாயால் சொல்லணும், சொன்னதைச் சிஸ்டர் எழுதணும். ஆயாம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நாடா தெரியும். அப்புறம் வேலை சொல்கிற விதத்தையும் கேட்டேன். "7-ல அம்மாவைப் பாத்துக்கோங்க" என்று சொல்வதில்லை. "7-ல அம்மாவைப் பத்து மணிக்கும் பன்னெண்டுக்கும் புரட்டிப் போடுங்க, முதுகுல செவப்பா தெரிஞ்சா அப்பவே எங்கிட்ட வாங்க, டூட்டி முடியறப்ப சொல்லாதீங்க" என்று சொல்கிறார். பன்னிரண்டரைக்குத் தானே போய்ப் பார்த்துவிட்டும் வருகிறார்.

கையில் வைத்துக்கொள்ளவேண்டியதை விடாமல் வைத்துக்கொள்வதையும் பார்த்தேன். நான்காம் நாள் 12-ல் ஒரு பொண்ணுக்கு ரத்தம் ஏற்றினார்கள். ஆபத்தான எதிர்வினை வந்தால் பெரும்பாலும் முதல் பதினைந்து நிமிஷத்தில் தெரியும், அதனால் சிஸ்டர் பக்கத்திலேயே நிற்கணும். ஒரு சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். கரைவேட்டிக்காரர் ஒருவர் தன் ஆளுக்குத் தலையணை வரவில்லை என்று வாசலில் நின்று சத்தம் போடுகிறார், நான் யார் தெரியுமா வரைக்கும் போய்விட்டார். அந்த சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தலகாணி ஆயாம்மா எடுத்துட்டு வருவாங்கண்ணா, நான் இங்கேர்ந்து நகரமுடியாது." நான் மனசுக்குள் கைதட்டினேன். எங்கள் காலத்தில் பலர் பயந்து போயிருப்போம். நானே போயிருப்பேன்.

என் ஆரம்ப காலத்தையும் சொல்லவேண்டும். அப்போது எல்லாவற்றையும் நானே செய்வேன், பெட்ஷீட் மாற்றுவதுகூட, யாரிடமும் கொடுக்க நம்பிக்கை வராது, அதை நல்ல குணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பாட்டிக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு கட்டில் தள்ளி ஆபரேஷன் முடிந்து வந்த ஒருவருக்குக் கட்டு நனைந்து ரத்தம் தரைக்கு வந்துவிட்டது. ஆள் பிழைத்தார். தலை வாருவதை யாரும் செய்யலாம், ஆபரேஷன் ஆளின் கட்டைப் பார்க்கிறது என் வேலை. அது உறைக்க அந்தத் தரை தேவைப்பட்டது.

இன்னும் இரண்டு குறை. நம் தலையிலும் வேலையைக் கட்டுகிறார்கள். சாப்பாடு ஊட்டுவது, நடக்க வைப்பது சரி, வீட்டு ஆள் செய்தால் நோயாளிக்கும் சந்தோஷம். "டிரிப்ஸ் தீரப்போறப்ப கூப்பிடுங்க" என்று விட்டுவிட்டுப் போவது சரியில்லை, துணைக்கு இருக்கிறவர் அசந்துவிட்டால் யார் பொறுப்பு? அடுத்து, இன்ஷூரன்ஸ் பேப்பருக்கும் மருந்து பில்லுக்கும் சிஸ்டர்கள் கீழே மேலே ஓடுகிறார்கள். ஒரு கிளார்க்கைப் போட்டால் இரண்டு சிஸ்டர் மிச்சமாவார்கள். இது நிர்வாகத்துக்குத்தான், வார்டுக்கு இல்லை. புகார் நோட்டிலும் எழுதிவைத்துவிட்டு வந்தேன்.

மார்க்: பகல் வார்டுக்கு ஐந்துக்கு நாலரை. ராத்திரிக்கு இரண்டரை, அதில் ஒன்று அந்தப் பேனாவைப் போட்டுவிட்டு ஓடிவந்த பொண்ணுக்காக.

ஐந்தாம் நாள் காலை, டிஸ்சார்ஜுக்கு முன்னால், அதே ஆயாம்மா தட்டை எடுக்க வந்தார். கட்டில் நாடாவைப் பார்த்தார், மூடியைத் திறந்தார், மேஜைப் பக்கம் திரும்பி வார்டே கேட்கிற மாதிரி, "ஆறு! ஒன்னரை இட்லி உட்டுட்டாங்கோ!" அக்காவுக்கு மானமே போய்விட்டது, மீதியையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டார். அடுத்த மாசம் செக்கப்புக்கும் அங்கேயேதான் போகிறோம். ராத்திரி தங்கவேண்டி வந்தால் நான் டிபன் பாக்ஸோடு போவேன், சாப்பிட வீட்டுக்குக் கிளம்புகிற வேலை இனிமேல் இல்லை.