சொந்தக் காசில் காமிக்ஸ் போடப் போகிறீர்களா? மதுரையில் எங்களுக்கு நடந்தது

நானும் என் தங்கையும் சேர்ந்து ஒரு காமிக்ஸ் செய்தோம். எழுத்து நான், படம் அவள். மாந்திரீகம் தெரிந்த அக்காவும் தங்கையும் ஜென்மப் பகையோடு மதுரையில் திரிகிற கதை. தெற்காவணி மூல வீதி நகைக்கடைக்காரர்களுக்கு அக்கா காவல். அவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் கூட்டத்துக்கு, வைகைக்கு வடகரையில் இருந்துகொண்டு தங்கை துணை. நடுவில் மாட்டிக்கொள்கிற ஏட்டய்யா ஒருத்தர்தான் சாதாரண மனுஷர். 64 பக்கம், கருப்பு வெள்ளை, முக்கால்வாசி ராத்திரிக் காட்சி. வரைய அவளுக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

அதை அச்சுக்குக் கொடுத்த இடத்தில் ஏமாந்தோம். பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருப்பதால் போடவில்லை. மாடியில் ஆபீஸ், வாசலில் ‘பதிப்பகம்’ என்று போர்டு, உள்ளே ஒரு மேசை, நாலு கேடயம். அது போதும்.

ஆள் தேன் ஒழுகப் பேசுவார். “1972லேயே முத்து காமிக்ஸ் நம்ம சிவகாசியிலேருந்துதான வந்துச்சு? காமிக்ஸுக்கு நம்ம பக்கம்தாம்மா தாய்வீடு. அண்ணன் இருக்கேன், நீ ஏன் கவலைப்படுற?” அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த முத்து, லயன், ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ஒரு பேச்சிலேயே விழுந்துவிட்டோம்.

கணக்கு இப்படி: 100 ஜி.எஸ்.எம். கனத் தாளில், ஆப்செட்டில் (தகடு செய்து மையால் அடிக்கிற அச்சு) 500 பிரதி, 38,000 ரூபாய். ஐ.எஸ்.பி.என்., அதாவது புத்தகத்துக்கான அடையாள எண் வாங்க 4,000. காப்பிரைட் பதிய 6,000. தமுக்கம் புத்தகத் திருவிழாவில் ஸ்டாலில் வைக்க 5,000. ஆக 53,000. முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்தோம். முட்டாள்தனம்தான்.

‘எழுத்துப்பிழை பார்க்கணும்’ என்று ஓப்பன் ஃபைலையே (திருத்தக்கூடிய மூல ஃபைல்) கேட்டார், கொடுத்தோம். புரூஃப் என்று வாட்ஸ்அப்பில் நாலு படம் வந்தது. தாளில் அச்சடித்த டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம் கேட்டதற்கு, “அதெல்லாம் பழைய காலம்மா” என்றார்.

பெட்டி வந்த அன்று மதியம் தங்கை பிரித்தாள். முதல் புத்தகத்தைப் புரட்டும்போதே அவள் பெருவிரலில் கருப்பு ஒட்டியது. நடுவில் விரித்தால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு. ஆப்செட் மை தாளுக்குள் ஊறிக் காயும், இப்படி வெடிக்காது. இது டோனர் பொடி, அதாவது ஜெராக்ஸ் மாதிரியான டிஜிட்டல் பிரிண்ட். எண்ணிப் பார்த்தால் 200 பிரதிதான். மீதி எங்கே என்றால், “வித்தா அடிச்சுக்கலாம், எதுக்கு வீட்ல அடைச்சு வைக்கணும்?” அவர் கொடுத்த கொட்டேஷனில் ஆப்செட் 500 என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறது.

தாளும் சவசவ என்று இருந்தது. இதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. ஏ5 அளவில் 32 தாள், அதாவது 64 பக்கம், கிட்டத்தட்ட சரியாக ஒரு சதுர மீட்டர். ஆகவே அட்டையைக் கிழித்துவிட்டு உள்பக்கங்களை மட்டும் நிறுத்தால் 100 ஜி.எஸ்.எம். தாள் 100 கிராமுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். 62 கிராம். கடைக்கார அண்ணாச்சி, “என்னம்மா, புத்தகத்தை எடைக்குப் போடுறீங்களா?” என்றார்.

ஆனால் தங்கையை அழ வைத்தது எடை இல்லை. கதையின் உயிரே 14, 15ஆம் பக்கங்கள். இடப்பக்கம் முழுக்க அக்கா, வலப்பக்கம் முழுக்க தங்கை, கல்பாலத்தில் முதன்முறையாக நேருக்கு நேர். வசனமே கிடையாது. அந்த இரண்டு பக்கத்தை வரைய மட்டும் என் தங்கை மூன்று வாரம் உட்கார்ந்தாள். பதிப்பகத்தார் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கதைக்கு முன்னால் தன் போட்டோவோடு ஒரு பக்கத்துக்குப் ‘பதிப்புரை’ சேர்த்துவிட்டார். கடைசியில் தன் விளம்பரம் ஒரு பக்கம். நாவலாக இருந்தால் ஒரு பக்கம் நகர்வதால் ஒன்றும் குடிமுழுகாது. காமிக்ஸில் எல்லாம் போச்சு. 14, 15 என்பது 15, 16 ஆகிவிட்டது. அதாவது ஒரே தாளின் முன்பக்கம் அக்கா, பின்பக்கம் தங்கை. மோத வேண்டிய இரண்டு பேரும் முதுகு ஒட்டி நிற்கிறார்கள். தாள் வேறு மெலிசு, வெளிச்சத்தில் பிடித்தால் அக்கா முகத்துக்குள் தங்கை முகம் தெரிகிறது. புத்தகம் வாங்கிய ஒருத்தர் அதைப் பெரிய உத்தி என்று பாராட்டி மெசேஜ் போட்டார். என்ன பதில் போடுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

வசனங்களில் கொம்பெல்லாம் எழுத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. ஓப்பன் ஃபைலை ஏதோ பழைய சாஃப்ட்வேரில் திறந்திருக்கிறார்கள். எழுத்துருவை உள்ளே பதித்த பி.டி.எஃப். மட்டும் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

தமுக்கத்தில் எங்கள் புத்தகம் ஜோசியம், மாந்திரீகம் அடுக்குக்குப் பின்னால் கிடந்தது. அங்கே நான் நின்ற அரைமணி நேரத்தில் கையில் எடுத்தவர் ஒருத்தர்தான். “இதுல வசியத்துக்கு முறை போட்டிருக்கா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அப்புறம்தான் விசாரிக்க ஆரம்பித்தோம். ஐ.எஸ்.பி.என். நம் நாட்டில் இலவசம். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சிக்கு ஆன்லைனில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். எங்கள் எண்ணை அவர் தன் பதிப்பகத்தின் பேரில் வாங்கியிருந்தார். காப்பிரைட்டும் அப்படித்தான். எழுதி, வரைந்த நிமிஷமே அது நம்முடையது, பதிவு கட்டாயம் இல்லை. பதிய நினைத்தாலும் ஒரு படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். 6,000 கொடுத்தும் அவர் பதியவே இல்லை.

இன்னொன்று, இதுதான் வயிற்றைக் கலக்கியது. நாங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில், கதாபாத்திரங்கள், சினிமா, வெப் சீரிஸ், மொழிபெயர்ப்பு என எல்லா உரிமையும் ‘நிரந்தரமாக’ அவருக்கு என்று இருந்தது. நான் படிக்கவில்லை. தங்கை படித்தாள், “அக்கா பார்த்திருப்பா” என்று விட்டுவிட்டாள். கால அளவு எதுவும் எழுதாமல் விட்டால்கூட 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து வருஷம்தான் என்றார் வக்கீல். இவர் விவரமாக ‘நிரந்தரமாக’ என்று எழுதி வைத்திருக்கிறார். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு வார்த்தையைத் தேடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தோம், வக்கீல் நோட்டீஸும் போனது. கொட்டேஷன், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் கையில் இருந்ததால் கொஞ்சம் இறங்கி வந்தார். உரிமை முழுவதையும் திருப்பித் தருவதாக எழுதி வாங்கிவிட்டோம். பணத்தில் 11,000 வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. தங்கைக்கு அலைய மனசில்லை. எனக்கு விட மனசில்லை.

போன வாரம் அவரே கூப்பிட்டார். பழசெல்லாம் மறந்த மாதிரி, அதே குரல்: “என்னம்மா, ரெண்டாம் பாகம் ரெடியா? அடுத்த புத்தகத் திருவிழாவுக்கு ஆஃபர் போட்டிருக்கேன், ஏற்கெனவே எட்டுப் பேர் பணம் கட்டிட்டாங்க.”

அந்த எட்டுப் பேரில் யாராவது இதைப் படித்தால் எனக்கு மெசேஜ் செய்யுங்கள். கொட்டேஷனைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.